நான்காம் நாள் திரும்பி வந்த கறை

"தண்ணிதான் பட்டுச்சு" என்று சொல்லாத வாடிக்கையாளரைக் கறையக்கா அதுவரை பார்த்ததில்லை.

பதினெட்டு வருடம் ஒரு சலவைக் கடையின் பின்அறையில், கறை எடுக்கும் மேஜைக்கு முன்னால் நின்றவள் அவள். சட்டைப் பையில் பேனா கசிந்து உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பூத்திருக்கும். "தண்ணிதாங்க பட்டுச்சு." வேட்டி முழுக்கச் சைக்கிள் செயின் எண்ணெய் கோடு கோடாய் ஓடியிருக்கும். "வெறும் தண்ணிங்க." கறை என்று வந்துவிட்டால் மனிதர்களுக்கு வாயில் உண்மை வராது என்பது அவள் அனுபவத்தில் கண்ட விஷயம். அதனால் அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். மூக்கால் முகர்ந்து, நகத்தால் சுரண்டி, ஓரத்தில் ஒரு சொட்டு மருந்து விட்டுத் தானே கண்டுபிடித்துக்கொள்வாள்.

சலவைக் கடையை மூடியபோது அவளுக்கு நாற்பது வயது. வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் கொழுந்தனின் பட்டறைக்குப் போனாள். டயர் கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை அது. கொழுந்தன் தச்சர். பழைய நாற்காலி, அலமாரி, மேஜை எல்லாவற்றையும் வாங்கிப் பழுது பார்த்துப் பாலிஷ் போட்டுக் கொடுப்பார். கூட்டிப் பெருக்கத்தான் போனாள். போன மூன்றாம் நாள், மை கொட்டிய ஒரு எழுது மேஜையின்மேல் அவர் கன்னங்கரேல் என்று பாலிஷ் அடித்து மூடுவதைப் பார்த்தாள்.

"தம்பி, அதை எடுக்காம மூடறியே?"

"மூடினா தெரியாது அண்ணி."

"எனக்குத் தெரியுமே!"

அன்றைக்குத் துடைப்பத்தை மூலையில் சாத்தியவள்தான். அதற்கப்புறம் அந்தப் பட்டறையில் மரவேலை அவருடையது, மேல்பரப்பு அவளுடையது என்று ஆகிவிட்டது. துணிக்குப் போட்ட மருந்து மரத்துக்கு ஒத்துவராது என்பதை நாலைந்து பலகைகளைப் பாழாக்கிக் கற்றுக்கொண்டாள். வெள்ளை வளையம் என்றால் ஈரம் வார்னிஷோடு நின்றுவிட்டது, சுலபம். கறுப்பு என்றால் மரத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது, கஷ்டம். எண்ணெய்க்கு ஒன்று, மைக்கு ஒன்று, துருவுக்கு ஒன்று. பத்து வருடத்தில் தெருக்காரர்கள் அவள் பெயரை மறந்துபோய்க் கறையக்கா என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். டயர் கடைக்காரர் மட்டும் ஒருநாள், "இப்படிக் கூப்பிட்டா கோவம் வராதா?" என்று கேட்டார். "வேலையைக் கெடுக்கறவங்கமேலதான் கோவம் வரும்" என்றாள். அந்தக் கோபம் தினமும் வந்தது என்பதும் உண்மை.

ஆனால் அந்த ஏழடிச் சாப்பாட்டு மேஜை வந்த பிறகு பட்டபாட்டை அவள் அதற்குமுன் பட்டதில்லை.

ஒரு சரக்கு வண்டியில் அது வந்து இறங்கியது. எட்டுப் பேர் உட்காரலாம். கெட்டியான பழைய மரம். கால்களில் கடைசல் வேலை. நடுவிலிருந்து சற்றுத் தள்ளி, விரித்த கை அளவுக்கு ஒரு கறுப்புக் கறை. ஓரங்கள் சாம்பல் நிறத்தில் கசிந்து, நடுவில் அடுப்புக்கரி போல இருந்தது. வண்டிக்காரன் போன அரை மணி நேரத்துக்குள் ஒரு பெண்மணி வந்தாள். பெரியவள் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே வீட்டில் கீழும் மேலுமாகக் குடியிருந்தார்கள். இவள் கீழ்வீட்டுக்காரி, அண்ணன் மனைவி.

"அக்கா, கறை போகணும். அதுக்கு முன்னால அது என்ன கறைன்னு நீங்க ஒரு பேப்பர்ல எழுதிக் குடுக்கணும்" என்றாள்.

"எதுக்கும்மா?"

"அது என் ஓரகத்தியோட மருந்து பாட்டில் கொட்டின கறை. கறுப்பா ஒரு டானிக் குடிப்பா. இல்லவே இல்லைன்னு சாதிக்கிறா. நீங்க எழுதிக் குடுத்தா வாயை மூடிடுவா."

சாயங்காலம் சின்னவள் வந்தாள். மாடிக்காரி, தம்பி மனைவி.

"அக்கா, காலையில யாராவது வந்தாங்களா?"

"வந்தாங்க."

"டானிக்னு சொல்லியிருப்பாங்களே. நம்பாதீங்க. அவங்க வீட்டுக்காரர் வாத்தியார். வீட்ல எங்க பாத்தாலும் மை பாட்டில். அது மைதான். எனக்கு எழுத்துல வேணும்."

விஷயம் இதுதான். மாமியார் காலத்து மேஜை அது. கீழ்வீட்டு ஹாலில் இருந்தாலும் இரண்டு குடும்பத்துக்கும் பொது. ஆறு வருடத்துக்கு முன்னால் அதில் கறுப்பாக ஏதோ தெரிய ஆரம்பித்தது. யார் பண்ணினது என்று ஆரம்பித்த பேச்சு, பேச்சே இல்லாமல் போவதில் முடிந்தது. ஆறு வருடமாக இரண்டு பெண்களும் ஒரே வாசல்படியில் ஏறி இறங்கிக்கொண்டு, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பதில்லை. இப்போது சின்னவள் குடும்பம் ஊரின் அந்தக் கோடியில் வேறு வீடு பார்த்துவிட்டது. இரண்டு மாதத்தில் போகிறார்கள். பாத்திரம் பண்டம் எல்லாம் பிரித்தாயிற்று, மேஜை மட்டும் பாக்கி. "கெடுத்தவளுக்கு எதுக்கு மேஜை?" என்று இவள், "கெடுத்தவங்களுக்கு எதுக்கு மேஜை?" என்று அவள்.

"நான் கறை எடுக்கறவம்மா. தீர்ப்பு சொல்றது என் வேலை இல்லை" என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னாள் கறையக்கா. இரண்டு பேருமே அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதலில் பழைய வார்னிஷை உரித்தாள். பிறகு கறையின் ஓரத்தில் மைக்கான மருந்தை ஒரு சொட்டு விட்டாள். அசையவில்லை. ஆக, மை இல்லை. டானிக்காக இருந்தால் சர்க்கரைப் பிசுக்கு இருக்கும், வெந்நீருக்குக் கொஞ்சமாவது கரையும். அதுவும் இல்லை. கடைசியாக ஆக்ஸாலிக் ஆசிட்டை வெந்நீரில் கரைத்து ஒரு சொட்டு வைத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடம் வெளுத்தது.

இரும்பு. இந்த மாதிரி மரத்தில் ஒரு துவர்ப்பு உண்டு. இரும்பும் ஈரமும் சேர்ந்தால் அந்தத் துவர்ப்பு மையாகவே மாறிவிடும். ஏதோ இரும்புச் சாமானை ஈரத்தோடு வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினாள். இரண்டு பேருக்கும் போன் போட்டாள்.

"இரும்புச் சாமானா? எங்க வீட்ல எல்லாம் எவர்சில்வர்தான்" என்றாள் பெரியவள்.

"இரும்பா? அவங்க பூந்தொட்டி ஸ்டாண்ட் வெச்சிருந்தாங்க, அதுதான்!" என்றாள் சின்னவள்.

"என்னைக்கு வெச்சிருந்தாங்க?"

"வெச்சிருப்பாங்க. அவங்க செய்யக்கூடியவங்கதான்."

கறையக்கா போனை வைத்துவிட்டுக் கையுறை மாட்டினாள். முகமூடி போட்டு, இருந்த ஒரே ஜன்னலைத் திறந்துவிட்டு, பிளாஸ்டிக் வாளியில் மருந்தைக் கரைத்து மேஜை முழுக்கத் தடவினாள். கறையின்மேல் மட்டும் தடவினால் அந்த இடம் தனியாக வெளிறிப்போய்ப் புதுக் கறை மாதிரி ஆகிவிடும். இது தெரியாதவர்கள் செய்து கெடுத்துக் கொண்டுவருவதைச் சரிசெய்தே அவள் இடுப்பு ஒடிந்திருக்கிறது. ஊறவிட்டு, கழுவி, சமையல் சோடா கரைத்த நீரால் புளிப்பை முறித்து, மறுபடி கழுவி, நிழலில் காயவிட்டாள். மூன்றாம் நாள் மேஜை ஒரே நிறமாகத் தேன் போல இருந்தது.

"பாரு தம்பி!"

கொழுந்தன் குனிந்து பார்த்து, "பரவால்லையே" என்றார். அவர் வாயில் அதற்குமேல் பாராட்டு வராது.

நான்காம் நாள் காலையில் வந்து கதவைத் திறந்தாள். கறை அதே இடத்தில் இருந்தது. முந்தைய அளவுக்குக் கறுப்பில்லை, சாம்பலாக, தூங்கி எழுந்த மாதிரி லேசாக. அன்று சாயங்காலத்துக்குள் நன்றாகவே விழித்துக்கொண்டது.

சரி, முழுதாகப் போகவில்லை, ஆழத்தில் மிச்சம் இருந்திருக்கிறது என்று இரண்டாம் முறை செய்தாள். ஊறும் நேரத்தை இரண்டு மடங்காக்கினாள். போயிற்று. நான்காம் நாள் வந்தது. மூன்றாம் முறை செய்தாள். இந்த முறை மூன்று நாளிலேயே வந்துவிட்டது.

"அண்ணி, டார்க் பாலிஷ் போட்டு..."

"அந்தப் பேச்சே எடுக்காத."

"இல்ல அண்ணி, மூணு வாரம் ஆச்சு. ஏழடி எடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. நான் அலமாரியை எங்க வெச்சு இழைக்கிறது?"

"என் தலைமேல வெச்சு இழை."

வீட்டிலும் நிம்மதி இல்லை. அவள் கணவர் பஸ் ஓட்டுநர். நாள் முழுக்க ஹாரன் சத்தத்தில் இருந்துவிட்டு வருபவர் என்பதால் வீட்டில் பேச்சைச் சுருக்கிக்கொள்வார். அவள் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு, "கழுவறேன், போகுது. காயுது, வருது. எங்கேருந்துங்க வருது?" என்று புலம்பினால், "விடு" என்பார்.

"விடுன்னா? எப்படி விடறது?"

"விடும்மா."

அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு விடுமுறை நாளில் உதவி செய்ய வேண்டும் என்ற எண்ணம் வந்ததுதான் வினையாகிவிட்டது. அவள் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள், மனைவிக்கு ஆச்சரியம் காட்டலாம் என்று அவர் பட்டறைக்கு வந்து, அலமாரித் தட்டில் இருந்த இரும்பு நாரை எடுத்து, ஈர மேஜையை முழங்கை தேயத் தேய்த்து வைத்திருந்தார். நான்காம் முறை மருந்து போட்டுக் கழுவி, காய வைத்திருந்த மேஜை அது. மறுநாள் காலை அந்த ஏழடிப் பலகை முழுக்கக் கடுகு சிந்தியது போலக் கறுப்புப் புள்ளிகள்.

கறையக்கா சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தாள். பிறகு பேசினாள். டயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இரண்டு பேர் வந்து எட்டிப் பார்க்கும்படி பேசினாள்.

"இரும்பாலதான் கறைன்னு மூணு வாரமா கத்திக்கிட்டு இருக்கேன். சாப்பிடும்போது சொல்றேன், தூங்கும்போது சொல்றேன். நீங்க இரும்பையே எடுத்துத் தேய்ச்சிருக்கீங்களே! என்னங்க நான் பேசறது உங்க காதுல எந்தப் பக்கம் போகுது?"

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "தேய்ச்சா போயிடும்னு பாத்தேன்" என்றார். "விடு" என்று சொல்ல அவருக்கே தைரியம் வரவில்லை.

இரும்பு நாரின் தூள் மரத்தின் துவாரங்களில் போய் உட்கார்ந்துவிட்டது. அதை எடுக்காமல் தண்ணீர் வைத்தால் புள்ளிகள் பெருகும். துணியால் துடைத்தால் உள்ளே போகும். என்ன செய்வது என்று சுற்றுமுற்றும் பார்த்தவள், உடைந்த அலமாரிக் கதவிலிருந்து கழற்றிப் போட்டிருந்த காந்தத்தைக் கண்டாள். கதவு திறந்துகொள்ளாமல் பிடித்துவைக்கும் கறுப்புக் காந்தம். அதை ஒரு மெல்லிய துணியில் சுற்றி மேஜையின்மேல் மெதுவாக இழுத்துக்கொண்டே போனாள். தூள் தூளாக ஏறிக்கொண்டது. கணவர் ஒவ்வொரு தடவையும் துணியை உதறிக் கொடுத்தார். திட்டு வாங்கிய பிறகு அவர் வேலை சுத்தமாக இருந்தது.

காந்தம் கறையின் நடுவுக்கு வந்தபோது நின்றது. அவள் இழுத்தாள். வரவில்லை. மரத்தோடு ஒட்டிக்கொண்டது.

கறையக்கா காந்தத்தைத் தூக்கிப் பார்த்தாள். அது விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டது.

"உள்ள இருக்குதுங்க!" என்றாள். குரலே மாறிவிட்டது. "வெளியில யாரும் எதையும் வெக்கலை. உள்ள இருக்கு!"

அப்புறம் வந்தது தன்மேலேயே கோபம். மூன்று வாரம். நாலு முறை மருந்து. கீழே குனிந்து ஒரு முறை பார்க்கவில்லை. ஊரில் இருக்கிற எல்லாரையும் கண் இல்லையா என்று கேட்கிறவள், மரத்தின் கோடு என்று நினைத்து நூறு தடவை தடவிய இடத்தில் இப்போது விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். கோடு இல்லை, விரிசல். அதில் மரத்தின் நிறத்துக்கே கலந்த மக்குப் பசை அடைத்திருந்தது. ஊசி உளியால் மக்கை நெம்பினாள். உள்ளே கொண்டை வெட்டிய ஒரு ஆணி, துருப்பிடித்துப் பாதியாகக் கரைந்து நின்றது. பக்கத்தில் இன்னொன்று. தினமும் ஈரத்துணியால் துடைக்கத் துடைக்க விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி, ஆணி துருத்து, துரு மரத்துக்குள் பரவியிருக்கிறது. அவள் ஒவ்வொரு தடவை கழுவியபோதும் அதற்குக் குடிக்கத் தண்ணீர்தான் கொடுத்திருக்கிறாள்.

மேஜைக்குக் கீழே தவழ்ந்து போனாள். விரிசலுக்கு நேர் கீழே ஒரு குறுக்குச் சட்டம் ஒட்டியிருந்தது. அதன்மேல் பென்சிலால் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு அம்பு.

அந்த வட்டத்தையும் அம்பையும் அவள் பத்து வருடமாகத் தினமும் பார்க்கிறாள். எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று அடையாளம் வைக்கக் கொழுந்தன் போடுவது. ஊரில் வேறு எந்தத் தச்சரும் அப்படிப் போட்டு அவள் பார்த்ததில்லை.

"தம்பி!"

அவர் காதில் பென்சிலோடு வந்தார்.

"இங்க குனிஞ்சு பாரு."

குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"இது... என் கை மாதிரி இருக்குதே அண்ணி."

"மாதிரியா?"

"என் கைதான்." எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். ஞாபகம் ஒவ்வொன்றாக வந்தது. "ஆறேழு வருஷம் இருக்கும். மத்தியான நேரம். ஒருத்தர் வந்து கூட்டிட்டுப் போனாரு. கண்ணாடி போட்டவர், வாத்தியார் மாதிரி. வீட்ல யாரும் இல்லை. மேஜை நடுவுல விரிசல் விட்டுப்போயிருந்துச்சு. ஒரு மணி நேரத்துல முடிக்கணும், அக்கம்பக்கத்துல சத்தம் கேக்கக் கூடாதுன்னாரு. சத்தம் இல்லாம ஆணி அடிக்கச் சொன்ன ஒரே ஆளு அவர்தான், அதனாலதான் ஞாபகம் இருக்கு. துணியைச் சுத்தி வெச்சு அடிச்சேன்."

"அப்ப இந்த மேஜையை இறக்கும்போதே உனக்குத் தெரியலையா?"

"எத்தனை மேஜை அண்ணி! மேல வேற வார்னிஷ். நான் அடிப்பக்கம் பாக்கவே இல்லையே."

"மூணு வாரமா மூடிடலாம் மூடிடலாம்னு என் உசிரை வாங்கினியே. ஒரு தடவை மூடினது போதாதா?"

அவர் துளைக்கருவியை எடுத்துவந்து ஆணிகளைச் சுற்றித் துளையிட்டு, குறடால் இரண்டையும் பிடுங்கி எடுத்தார். அதே ஜாதி மரத்தில் இரண்டு முளை செதுக்கி, ரேகை ஒன்றாய் ஓடும்படி பொருத்தி, ஒட்டினார். அந்த முளைகளை அவர் செதுக்கிய பொறுமையைப் பார்த்தபோது அவள் கோபம் பாதி வடிந்துவிட்டது. மீதிப் பாதியை வாத்தியாருக்கு வைத்துக்கொண்டாள்.

போன் செய்தாள். அவர் பள்ளியின் மதிய இடைவேளையில் வந்தார். கணக்கு வாத்தியார். மெலிந்த மனிதர். மேஜையைப் பார்ப்பதற்கு முன் கொழுந்தனைப் பார்த்தார். பார்த்ததும் கையில் இருந்த குடையை மடிக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே மடித்த குடை.

"மின்விசிறிக்குப் பக்கத்துல பல்பு போயிடுச்சு" என்றார் மெல்ல. "ஸ்டூல் எட்டலை. மேஜைமேல ஸ்டூலைப் போட்டு ஏறினேன்."

"ஏழடி மேஜையில ஸ்டூலைப் போட்டு நடுவுல ஏறினீங்களா?"

"பல்பு நடுவுலதானே இருந்துச்சு."

கறையக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "சார், அதைச் சொல்லிட வேண்டியதுதானே?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். அன்னைக்கே சொல்லியிருந்தா திட்டோட போயிருக்கும். சரிபண்ணியாச்சே, தெரியவே இல்லையேன்னு விட்டேன். நாலு மாசம் கழிச்சுக் கறுப்பா வந்துச்சு. அதுக்குள்ள ரெண்டு பேரும் ஆரம்பிச்சுட்டாங்க. சண்டை நடுவுல போய் எப்படிச் சொல்றது? முடியட்டும், சொல்லலாம்னு பாத்தேன்."

"முடிஞ்சுதா?"

"இல்லையே." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாள் ஆக ஆக இன்னும் கஷ்டமாப் போச்சு. முதல் வருஷம் சொன்னா ஏன் ஒரு வருஷமா சொல்லலைன்னு கேப்பா. ரெண்டாவது வருஷம் சொன்னா ரெண்டு வருஷம். இப்போ ஆறு. கூடிக்கிட்டே போகுதுங்க. நீங்க எதுவும் சொல்லாம கறையை மட்டும் எடுத்துக் குடுத்துடுங்களேன்."

பாவமாகத்தான் இருந்தது. அதைவிட எரிச்சலாக இருந்தது. இந்த மனிதரின் ஒரு பல்புக்காக இரண்டு பெண்கள் ஆறு வருடம் வாசல்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள்.

"சார், ஆணி அடிச்சது எங்க வீட்டு ஆளு. அதை நான் மறைக்க மாட்டேன். நான் சொன்னா, எதுக்கு அடிச்சாங்கன்னு அடுத்த கேள்வி வரும். என் வாயிலேருந்து வர்றதைவிட உங்க வாயிலேருந்து வந்தா உங்களுக்கு நல்லது. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க."

அந்த வாரம் ஐந்தாம் முறையாக மருந்து போட்டாள். கழுவினாள், முறித்தாள், காயவிட்டாள். நான்காம் நாள் காலை பட்டறைக் கதவைத் திறந்ததும் நேரே போய் மேஜைமேல் விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். கறை வரவில்லை. உற்றுப் பார்த்தால் நகக்கண் நிறத்தில் ஒரு நிழல், அவ்வளவுதான். இன்னொரு முறை போட்டால் அதுவும் போகும், ஆனால் மரம் சோர்ந்துவிடும். அதோடு நிறுத்திக்கொண்டாள். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து வார்னிஷ் அடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் வந்தார்கள். பெரியவள் மேஜைக்கு இந்தப் பக்கம், சின்னவள் அந்தப் பக்கம். இரண்டு பேரும் கறையக்காவைப் பார்த்துத்தான் பேசினார்கள்.

"போயிடுச்சே! அது என்னன்னு இப்பச் சொல்லுங்க, அவங்களும் கேக்கட்டும்" என்றாள் சின்னவள்.

"சார் சொல்லுவாரு" என்றாள் கறையக்கா.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். பல்பிலிருந்து ஆரம்பித்தார். அது எத்தனை வாட், எந்தக் கடையில் வாங்கியது, ஏன் அன்றைக்கே மாற்ற வேண்டியிருந்தது என்றெல்லாம் சொன்னார். ஸ்டூல் வருவதற்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. விரிசல் வந்தபோது பெரியவளின் முகம் மாற ஆரம்பித்தது. தச்சர் வந்தபோது சின்னவள் வாயில் கைவைத்துக்கொண்டாள். கொழுந்தன் தானே முன்னால் வந்து, "ஆணி அடிச்சது நான்தாம்மா. பித்தளைத் திருகு போட்டிருக்கணும். அவசரத்துல கையில இருந்ததை அடிச்சுட்டேன். என் தப்புதான்" என்றார். அந்த மனிதர் வாயால் "தப்பு" என்று கறையக்கா கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு பெரியவள் கணவரைப் பார்த்துக்கொண்டே மேஜைக்கு அந்தப் பக்கம் பேசினாள்.

"ஏன்டி, கேட்டியா இந்தக் கூத்தை?"

ஆறு வருடத்தில் அவள் சின்னவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்க்கா" என்றாள் சின்னவள். "மாமா, நான் பெட்டியைத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போனேனே, அன்னைக்குக்கூட உங்களுக்குச் சொல்லத் தோணலையா?"

"உடம்பு முடியாம நீ ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நான் வாசல்வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனேன்டி" என்றாள் பெரியவள். உடனே கோபமாகக் கணவர்மேல் திரும்பினாள். "இவரும் கூடத்தான் வந்தாரு. பக்கத்துலயேதான் நின்னாரு! பேசாம நின்னாரு!"

அதற்கப்புறம் வாத்தியார் இரண்டு பக்கமும் வாங்கினார். ஒருத்தி மூச்சு வாங்கும்போது மற்றவள் தொடர்ந்தாள். கொழுந்தன் மெதுவாக நழுவி அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

எல்லாம் ஓய்ந்ததும் பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "மேஜையை நீயே எடுத்துக்கோ. டானிக்குன்னு ஊர் முழுக்கச் சொன்னேன். நீ கொண்டுபோ."

"ஐயோ, எனக்கு வேண்டாம்க்கா."

"சும்மா சொல்லாத."

"நெசமாத்தான். அந்த ஹால்ல போட்டா கதவு திறக்காது. போன மாசமே அளந்து பாத்துட்டேன்."

கறையக்கா கையில் இருந்த துணியைக் கீழே போட்டாள். "அப்புறம் எதுக்கும்மா மேஜை வேணும் மேஜை வேணும்னு வாரத்துக்கு ரெண்டு தடவை போன் பண்ணினீங்க?"

சின்னவள் தரையைப் பார்த்தாள். "அவங்களுக்குப் போகக் கூடாதுன்னுதான்."

கறையக்கா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஐந்து முறை கையுறையையும் மீறி மருந்து பட்ட கை, முழங்கைவரை உலர்ந்து வெடித்திருந்தது. சிரிப்பதா அழுவதா என்று புரியாமல், முன்னால் நின்ற மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரியவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சின்னவளுக்குத் தொற்றிக்கொண்டது. வாத்தியாரும் சிரிக்கலாம் என்று நினைத்து வாயைத் திறந்தார். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

மேஜை கீழ்வீட்டுக்கே திரும்பிப் போனது. சின்னவள் குடும்பம் சொன்ன நாளில் வீடு மாறியது. பெரியவள் போய்ச் சமையலறைத் தட்டுகளை அடுக்கிக் கொடுத்தாளாம். கொழுந்தன் ஒரு டப்பா நிறையப் பித்தளைத் திருகுகள் வாங்கி வைத்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் காலையில் ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கூடவே ஒரு சின்ன அலமாரி. கதவில் பழுப்பாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தது.

"அக்கா, புது வீட்ல ஏற்கெனவே குடியிருந்தவங்க விட்டுட்டுப் போனது. என்னன்னே தெரியலை" என்று சின்னவள் ஆரம்பித்தாள்.

"என்ன தெரியலை? தலைமுடிச் சாயம்தான், அந்தம்மா தலையைப் பாத்தாலே தெரியும்" என்று பெரியவள் குறுக்கே விழுந்தாள்.

"இல்லக்கா, இது அவங்க பையனோட வேலை."

"உனக்குத் தெரியாது, சும்மா இரு. அக்கா, நீங்க ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒருத்தி விட்ட வாக்கியத்தை மற்றவள் முடித்தாள், இரண்டு பேருமே கறையக்காவின் கையைப் பிடித்து இழுத்து அலமாரியின் இரண்டு வேறு இடங்களைக் காட்டினார்கள். பேசாமல் இருந்தபோது இவர்கள் தனித்தனியாகவாவது வந்தார்களே என்று நினைத்துக்கொண்டே, கறையக்கா குனிந்து, முதல் வேலையாக அலமாரியைக் கவிழ்த்துப் போடச் சொன்னாள்.